கஸலும் கண்ணியும்

இறந்தோரின் நற்செயல்களையே எடுத்துக் கூறுங்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரால் வழங்கும் அறிவுரை. அதே மார்க்கத்தில்தான் ஹதீஸ்கலை வல்லுநர்கள், மறைந்துபோன அறிவிப்பாளர்களை ஒருவர்பின் ஒருவராக நிறுத்தி, இவர் நினைவாற்றல் மிக்கவர், இவர் தடுமாறுபவர் என்று எடைபோட்டு எழுதிவைத்தார்கள். ஜர்ஹு, தஃதீல் என்று அதற்கோர் இயலே உண்டு. இவ்விரண்டும் முரணல்ல. முன்னது மனிதரின் ஒழுகலாற்றைப் பற்றியது. பின்னது அவர் நம்மிடம் விட்டுச்சென்ற சொல்லைப் பற்றியது. சொல் அமானிதம். அமானிதத்தை எண்ணிப்பார்த்து வாங்குவதில் குற்றமில்லை.

மர்ஹூம் கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்கள் 2017 ஜூன் 2ஆம் நாள், ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமையன்று சென்னையில் இறையடி சேர்ந்தார்கள். மக்கள் பாவலர் இன்குலாப் மறைந்து ஆறு திங்களே ஆகியிருந்த நேரம் அது. அன்றுதொட்டுக் கவிக்கோவைப் பற்றி எழுதப்படுவனவும் மேடைகளில் பேசப்படுவனவும் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்துள்ளன. ‘தமிழுக்குக் கஸலைக் கொண்டுவந்தவர்’ என்பது அவ்வாய்பாட்டின் முதலடி. அது மெய்தானா என்று கேட்போர் அரியர். அரபியும் தமிழும் ஒருங்கே ஓதியோர் கேட்காவிடின் வேறு யார் கேட்பது?

கவிக்கோ 1937இல் மதுரையில் பிறந்தவர். தந்தையாரும் பாட்டனாரும் உருதுக் கவிஞர்கள். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் முப்பதாண்டுக்கு அணித்தாகத் தமிழ் கற்பித்தார். 1971இல் கோவையில் தோன்றிய வானம்பாடி இயக்கத்தோடு சேர்த்தே அவர் பெயர் பேசப்படுகிறது. சிற்பி, புவியரசு, மு. மேத்தா முதலியோர் அக்குழுவினர். வானம்பாடிகளின் பொதுக்குரல் உரத்த குரல். மேடைக்கும் கூட்டத்திற்கும் ஏற்ற குரல். கவிக்கோவும் கவியரங்குகளில் பெரும்புகழ் ஈட்டியவரே. எனினும் 1974இல் வெளிவந்த ‘பால்வீதி’யைப் படிப்போர்க்கு அவர் அக்கூட்டத்தில் தனித்து நின்றது புலனாகும். முழக்கத்தைவிடப் படிமத்தை நம்பியவர் அவர். பின்னாளில் புதுக்கவிதையில் குறியீடு என்னும் பொருளிலேயே முனைவர் பட்ட ஆய்வு செய்தார். கஸலின்பால் அவரை ஈர்த்ததும் குறியீடே என்பது நம் துணிபு.

இனிக் கஸலுக்கு வருவோம். காதற்பேச்சு என்பது அச்சொல்லின் பொருள். அதே மூவெழுத்து வேரினின்று நூல் நூற்றல் என்னும் பொருளும் பிறக்கிறது. அந்நஹ்ல் அத்தியாயத்தில், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப்போடும் பெண்ணின் உவமையில் வருவது இந்த நூற்புச் சொல்லே. பண்டை அரபியர் கஸீதாவின் தொடக்கமாக வைத்த காதற்பகுதி, உமையாக்கள் காலத்தில் உமர் இப்னு அபீ ரபீஆ போன்றோரிடம் தனிப்பாட்டாயிற்று. அரபியில் அதற்குக் காஃபியா என்னும் ஒரே இயைபு போதும். காஃபியாவிற்குப் பின் மாறாத சொல்லாகிய ரதீஃபையும் நிறுத்தியவர்கள் பாரசீகர். ஹாஃபிஸும் பின்னர் உருதுவில் காலிபும் இக்கட்டினுள் நின்றே பாடினர். ஈரடி ஒவ்வொன்றும் பொருளால் தனித்து நிற்கும். ஓசையொன்றே அவற்றைக் கோக்கும் நூல்.

‘மின்மினிகளால் ஒரு கடிதம்’, ‘ரகசியப்பூ’ ஆகிய கஸல் நூல்களில் கவிக்கோ இந்நூலை எடுத்துக்கொள்ளவில்லை. பாடுபொருளை வாங்கிக்கொண்டு யாப்பை விட்டார். சிறு சிறு துணுக்குகளாக, புதுக்கவிதை நடையிலேயே அவை செல்கின்றன. மரபு யாப்பில் தேர்ந்தவர் ஆதலின், இயலாமையால் விட்டார் என்று கூறுவதற்கில்லை, வேண்டியே விட்டார்.

இதனால் இழப்பு உண்டா? நாம் வாழும் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்ப்பதைப் பார்த்தோர்க்கு ஒன்று தெரியும். பாரிஸ் சாந்து அச்சுக்குள் களிக்குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச அதன் உட்சுவரில் களி படிந்து தடிக்கிறது. மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டு, சற்று இறுகியபின் அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுக்கிறார்கள். அச்சு உருவம் மட்டும் தருவதன்று. வேண்டாத நீரை வாங்கிக்கொள்வதும் அதுவே. காஃபியாவும் ரதீஃபும் அத்தகையன. கவிக்கோவின் கஸல்களில் உயர்ந்தவை அச்சின்றியே நிற்கும் வலிமையுடையன. ஏனையவற்றில் நீர் தங்கிவிட்டது. முரண்தொடர் ஒன்றைச் சொல்லிக் கைத்தட்டலுக்குக் காத்திருக்கும் கவியரங்கப் பழக்கம் அங்கே தலைகாட்டுகிறது. காதலியை நோக்கிய பேச்சு, அவையோரை நோக்கிய பேச்சாகிவிடுகிறது.

தமிழில் வினை ஈற்றில் வருவதால் ஈற்றியைபு மலிந்து சலிப்பூட்டும், ஆதலின் விட்டதே நன்று என்பாருமுளர். இது பொருந்தாது. உருதுவிலும் வினை ஈற்றில்தான் வரும். அந்த ஈற்று வினையையே அவர்கள் ரதீஃபாக்கிக்கொண்டு, அதற்கு முன்னுள்ள சொல்லில் காஃபியாவை வைத்தனர். குறையெனப்பட்டதே அங்கு அணியாயிற்று.

அதற்கும் மேலாக நம் வீட்டிலேயே ஒரு செல்வம் இருந்தது. 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு பராபரக்கண்ணியும் றகுமான் கண்ணியும் மனோன்மணிக் கண்ணியும் பாடியிருக்கிறார். கண்ணி என்பது ஈரடி. ஒவ்வொன்றும் தனித்துப் பொருள் தரும். அடிதோறும் எதுகை முன்னின்று கட்டும். பராபரக்கண்ணியில் அவ்விளிப்பெயரே ஒவ்வோர் ஈரடியின் முடிவிலும் மாறாது நிற்கும். இது ரதீஃப் அன்றி வேறு யாது? தாயுமானவரிடமும் இவ்வமைப்பு உண்டு. பொருளை நோக்கினும், இறையைப் பெண்ணாக வைத்து உருகும் மனோன்மணிக் கண்ணி, பாரசீக ஸூஃபியரின் இஷ்க்கிற்குத் தமிழில் கட்டிய வீடு. முனாஜாத்தும் கிஸ்ஸாவும் மசலாவும் நாமாவும் அரபி, பாரசீகப் பெயரோடு தமிழில் குடியேறின. கஸலின் உயிரோ பெயரை மாற்றிக்கொண்டு, கண்ணி என்னும் தமிழ்ப்பெயரில் எப்போதோ இங்கு வந்துவிட்டது.

ஆகவே தமிழுக்குக் கஸலைக் கொண்டுவந்தவர் என்னும் புகழ்மொழியை நாம் ஏற்கத் தயங்குகிறோம். அப்பெயரைத் தமிழர் நாவில் பழக்கியவர் என்பதே நேர்மையான கூற்று. அது சிறிய பணியன்று. உருதுவை வீட்டுமொழியாகவும் தமிழை வாழ்க்கைப் பணியாகவும் கொண்ட ஒருவர், அவ்விரண்டின் நடுவே கண்ணிக்கட்டு கிடப்பதை எடுத்துக் கையாளாதது நமக்கு வருத்தமே. அவர் எடுத்திருந்தால் அது எவ்வளவு உயர்ந்திருக்கும் என்பதை எண்ணுந்தோறும் அவ்வருத்தம் மிகுகிறது.

இரு மரபுகளையும் ஒரே சொல்லில் நிறுத்தும் திறம் அவருக்கு இல்லாமலில்லை. ‘பித்தன்’ என்று ஒரு நூலுக்குப் பெயர் வைத்தாரே, அது ஒன்று போதும். லைலாவின் மஜ்னூனும் அச்சொல்லில் இருக்கிறான். மஜ்னூன் என்றால் ஜின் பிடித்தவன். எங்கள் மணிமுத்தாற்றில் பொன்னை இட்டதாகச் சைவர் கூறும் சுந்தரர், திருவெண்ணெய்நல்லூரில் இறைவனை அழைத்த முதற்சொல்லும் அதுவே. இச்சொல்லைக் கேட்கும் முஸ்லிமும் சைவரும் தத்தம் மரபை நினைப்பர். ஒருவரையொருவர் மறுக்கவும் வேண்டியதில்லை. உலகம் நேரென்பதைத் தலைகீழாகக் காட்டும் அப்பித்தனின் பேச்சில், கஸல் நூல்களில் நாம் தேடிய இறுக்கம் வாய்த்திருக்கிறது. ‘ஆலாபனை’க்கு 1999இல் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது முறையே எனினும், நம் தேர்வு ‘பித்தன்’தான்.

இனி அவர் நினைவைப் போற்றும் கூட்டங்களில் கஸல் துணுக்குகளை ஒருவர் படிக்கும்போது, மஸ்தான் சாகிபின் றகுமான் கண்ணியை இன்னொருவர் இசையோடு ஓதட்டும். இளங்கவிஞர்கள் இரண்டையும் ஒரே அமர்வில் காதாரக் கேட்டபின், கண்ணியின் கட்டில் கஸல் எழுத ஒருவராவது முற்படலாம்.