மலை ஏறும் வண்டிக்கு எந்த இன்ஜின்?

திருவண்ணாமலைக்கும் ஜவ்வாது மலைக்கும் இடையே மூட்டை சுமக்கும் பழைய மஹிந்திரா ஃபோர்வீல் பிக்கப்புக்கு இன்ஜின் மாற்றுவதென்றால், பேச்சு இரண்டு பெயர்களில் வந்து நிற்கும்: பியூஜோ, டிஐ.

2112 சிசி பியூஜோவில் டீசல் முதலில் ஒரு சிற்றறையில் பற்றிக்கொள்ளும். அதனால் ஓட்டம் மென்மை. ஆனால் குளிர்ந்த காலையில் ஹீட்டர் பிளக் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். 2523 சிசி டிஐயில் டீசல் நேரே பிஸ்டன் தலையில் பாயும். வெப்பம் வீணாவது குறைவு, டீசலும் மிச்சம். சத்தம்தான் ஊரைக் கூட்டும்.

கொண்டை ஊசி வளைவில், முழுச் சுமையோடு, செகண்டு கியரில் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்தாலே டிஐ தடதடவென்று திணறாமல் இழுக்கும். வேகம் வராது, மலைக்கு வேகம் எதற்கு? என் ஓட்டு டிஐக்கே. மாட்டும் முன் ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சியில் புது இன்ஜின் எண்ணை ஏற்றிவிடுங்கள்.