ஓய்வுநேரத் திரைப்பட விமர்சனம்: சில சிந்தனைகள்

திரைப்படம் பார்த்துத் திரும்புபவன் படமாளிகையின் வாயிலைக் கடக்கு முன்னரே தீர்ப்புக் கூறத் தொடங்கிவிடுகிறான். நாவலொன்றை வாசித்து முடித்தவனோ, கச்சேரி கேட்டு எழுந்தவனோ இத்துணை விரைவாகவும் இத்துணைத் துணிவுடனும் கருத்துரைக்க முன்வருவதில்லை. இத்தீர்ப்பைத் தாளில் எழுதிவைக்கும் பழக்கம் நம்மிடையே, குறிப்பாகப் பல்கலைக்கழக மாணவரிடையே, நெடுநாளாக இருந்துவருகின்றது. ஊதியம் கருதாது, பத்திரிகை எதனுடைய கட்டளைக்கும் ஆட்படாது மேற்கொள்ளப்படும் இம்முயற்சியை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் பலர். அது பயனுடையது என்பதே எனது கருத்து. ஆயின் அப்பயன் நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் இல்லை.

இம்முயற்சிக்கு ஆதரவாகப் பேசுவோர் உடனடியாகச் சத்யஜித் ராயையும் பிரான்சுவா த்ரூஃபோவையும் துணைக்கழைப்பர். ராய் விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராகப் பணியாற்றிக்கொண்டே 1947இல் சிதானந்த தாஸ்குப்தா முதலியோருடன் சேர்ந்து கல்கத்தாத் திரைப்படச் சங்கத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு இந்தியப் படங்களின் குறைபாடுகள் பற்றி எழுதினார். 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. த்ரூஃபோ 1954இல் பிரான்சியச் சினிமாவைச் சாடிக் கட்டுரை எழுதியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. ஐந்து ஆண்டுகளின் பின் அவரே நெறியாளராகக் கான் விழாவிற் பரிசு பெற்றார். இவை உண்மையே. எனினும் இவ்வுதாரணங்கள் விமர்சனத்தை நெறியாள்கைக்கு ஏறும் படிக்கட்டாகக் காட்டுகின்றன. நம்முள் எத்தனைபேர் படமெடுக்கப் போகிறோம்? படமெடுக்கப் போகாத ஒருவன் படம் பற்றி எழுதுவதால் யாருக்கு என்ன நன்மை என்பதே இங்கு கேட்கப்பட வேண்டிய வினா.

இவ்வினாவுக்கு விடை தேடுமாறு என்னைத் தூண்டியது எனது பழைய கொப்பியொன்று. மாணவனாக விடுதியில் வாழ்ந்த காலத்தில் பார்த்த படங்கள் பற்றிய குறிப்புகளை அதில் எழுதிவந்தேன். அக்குறிப்புகளுள் ஒன்று நம் நாட்டிலேயே தயாரான தமிழ்ப் படமொன்றைப் பற்றியது. அதன் பிரதியை இன்று எங்கும் தேடிக் காண என்னால் இயலவில்லை. ஆவலோடு அப்பக்கத்தைப் புரட்டினேன். கதைச் சுருக்கம் அரைப் பக்கம். பின்னர், 'நடிப்பு நன்று. பாட்டுகள் சுமார். ஒளிப்பதிவில் கவனம் போதாது. நம்மவர் முயற்சி என்ற வகையில் வரவேற்கலாம்' என நான்கு வரிகள். கவனம் போதாத அவ்வொளிப்பதிவு எதைக் காட்டிற்று, எதைக் காட்டத் தவறிற்று என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. கவனம் போதாதவன் ஒளிப்பதிவாளனா, நானா என்ற ஐயமே இப்போது எழுகின்றது.

இதனைத் தனிமனிதனொருவனின் சோம்பலாகக் கொள்ளலாகாது. நம் நாட்டின் நிலைமையை நோக்குமிடத்து இத்தகைய வெறுமையின் விலை பெரிதென்பது புலனாகும். 1983 யூலைக் கலவரத்தில் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமாக ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையாயிற்று. தமிழர் ஒருவருக்குரியது எனக் கொளுத்தப்பட்ட அவ்விடத்திற் பல சிங்களப் படங்களின் நெகற்றிவ்களும் அழிந்தமை அக்கலவரத்தின் கொடிய முரண்களுள் ஒன்று. இதற்கு ஈராண்டுகள் முன்னர், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. படமும் அழிந்து, அதைப் பற்றி எழுதப்பட்ட தாளும் அழியக்கூடிய நாட்டில் வாழ்ந்திருக்கின்றோம். இந்நிலையில் ஒரு படத்தைக் கண்ணாற் கண்டவன் எழுதிய குறிப்பு வெறும் அபிப்பிராயமாக நின்றுவிடுவதில்லை, சாட்சியமாகிவிடுகின்றது. இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதையைத் தொகுத்து நூலாக்கிய தம்பிஐயா தேவதாஸ் போன்றோரின் உழைப்பை நாம் மதிப்பது இக்காரணம் பற்றியே. ஆயினும் தொகுப்பவர் தமக்குக் கிடைப்பதையே தொகுக்கலாம். பார்த்தவன் எழுதாது விட்டதைத் தொகுப்பவர் எங்ஙனம் மீட்பார்?

2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தின் பயனாகப் பழைய சஞ்சிகைகள் பலவற்றை இன்று எளிதில் வாசிக்க முடிகின்றது. அவற்றிற் காணப்படும் திரைப்படக் குறிப்புகளுட் பல எனது கொப்பியின் உடன்பிறப்புகளாகவே எனக்குத் தோன்றின. கதை கூறப்படும், நடிகர் பாராட்டப்படுவர் அல்லது கண்டிக்கப்படுவர், தயாரிப்பாளருக்கு அறிவுரை வழங்கப்படும். தமிழகத்தில் இதனினும் சுருக்கமான முறையொன்று தோன்றிற்று. 'ஆனந்த விகடன்' 1977இல் '16 வயதினிலே' படத்துக்கு 62.5 புள்ளி வழங்கிற்று. அவ்வெண்ணைப் பலர் இன்றும் நினைவிற் கொண்டுள்ளனர். அவ்விமர்சனத்தில் இருந்த வாக்கியமொன்றை நினைவிற் கொண்டவரை நான் கண்டதில்லை. (அந்த அரைப் புள்ளி எதற்காகக் கூட்டப்பட்டது, அல்லது குறைக்கப்பட்டது என்பதை அறிய எனக்கு நெடுநாள் ஆசை. விடைத்தாள் திருத்துவோருக்கு இவ்வாசை இயல்பே.) ஊதியம் பெற்று எழுதும் விமர்சகனுக்கு இடநெருக்கடி உண்டு, வாசகன் படம் பார்க்கலாமா வேண்டாமா எனச் சொல்லவேண்டிய அவசரம் உண்டு. இவை எதுவுமில்லாத ஓய்வுநேர விமர்சகனும் அதே வாய்பாட்டைப் பின்பற்றுவது, கிடைத்த சுதந்திரத்தைத் தானே கைவிடுவதாகும்.

பல்கலைக்கழகத்தினராகிய நம்மிடத்து இன்னொரு குறையும் உண்டு. இலக்கிய வகுப்பிற் பயின்ற கரு, பாத்திரவார்ப்பு, செய்தி ஆகிய அளவுகோல்களைத் திரைப்படத்தின்மீது அப்படியே பொருத்திவிடுகின்றோம். 1977இல் வெளிவந்த 'பொன்மணி'யை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்த, காவலூர் இராசதுரை எழுத, டொனால்ட் கருணாரத்ன ஒளிப்பதிவு செய்ய, பிரேமசிறி கேமதாஸ இசையமைத்த படம் அது. அதனைப் பற்றிப் பேசுவோர் சாதியையும் சீதனத்தையும் பற்றிப் பேசி அமைகின்றனர். அப்பொருள் முக்கியமானதே, மறுப்பவர் யார்? ஆயினும் சாதியும் சீதனமும் நமது சிறுகதைகளிற் பலமுறை பேசப்பட்டவை. சிறுகதை காட்டவியலாத எதனைப் 'பொன்மணி' காட்டிற்று என்பதைக் கூறினாலன்றி அதைத் திரைப்படமாக நாம் விமர்சித்தவர்களாக மாட்டோம். அப்படத்தின் நடை மந்தமானது. தென்னிந்தியப் படங்களிற் பழகிய கண்ணுக்கு அது இழுவையாகப் பட்டிருத்தல் வியப்பன்று. படம் வசூலிலும் வெற்றிபெறவில்லை. என்னைப் பொறுத்தவரை, மணமாகாத பெண்கள் காத்திருக்கும் வீடொன்றிற் காலம் எவ்வாறு நகரும் என்பதை அம்மந்தகதியே உணர்த்துகின்றது. வேகமாக நகரும் 'பொன்மணி' அவ்வீட்டுக்குப் பொய் சொல்வதாகவே அமைந்திருக்கும். இக்கருத்தை ஒருவர் மறுக்கலாம். ஆனால் மறுப்பதாயினும் படத்தைப் பார்த்தே மறுக்கவேண்டும். சாதி பற்றிய நூல்களைக் கொண்டு மறுக்க இயலாது.

வசூல் பற்றிக் குறிப்பிட்டபோது நினைவுக்கு வருவது படமாளிகை. பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பூடகமாக ஆராய்ந்து 1981இல் எழுதிய ஆங்கில நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலைநிகழ்வொன்றைக் கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சாதிப்படிநிலையன்றி வாங்கும் சக்தியே என்றும் சுட்டிக்காட்டினார். இத்துணை ஆழமான அவதானிப்பு நம்மிடையே நெடுங்காலமாக இருக்கவும், நமது விமர்சனங்களிற் கொட்டகை இடம்பெறுவதில்லை. கலரியில் இருந்தவர் எங்கு சிரித்தனர், அதே இடத்திற் பல்கனி ஏன் மௌனமாயிருந்தது, எந்தக் கட்டத்திற் கதிரைகள் மடங்கும் ஓசை கேட்டது என்பனவற்றைக் குறித்துவைத்திருந்தால், சமூகவியலாளருக்கு அவை எத்துணை பெறுமதி வாய்ந்த சான்றுகளாக அமைந்திருக்கும்! தணிக்கைச் சபையிடமும் தயாரிப்பாளரிடமும் இத்தகவல் கிடைக்காது. அன்று அங்கு இருந்தவனிடம் மட்டுமே அது உண்டு.

வெறும் விவரணம் விமர்சனமாகுமா, மதிப்பீடு செய்யாது தப்பித்துக்கொள்ளும் உபாயமன்றோ இது, எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. மதிப்பிட அஞ்சுபவன் விமர்சகனாகான். ஆனால் காட்சியைச் செம்மையாக விவரிக்க முயலும்போது மதிப்பீடு தானாகவே நுழைந்துவிடுவதை எழுதிப் பார்த்தவர் அறிவர். எதனை முதலிற் கூறுவது, எதனை விடுவது, எச்சொல்லாற் கூறுவது என்பவை யாவும் தீர்மானங்களே. அன்றியும், விவரணத்தோடு வரும் மதிப்பீடு தவறானதாயின் பின்வருபவன் அதைத் திருத்தலாம். 'பாட்டுகள் சுமார்' என்பதை எவரும் திருத்தவியலாது. அதிற் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை.

அக்காலத்தில் ஒரு படத்தை ஒருமுறை, அதுவும் இருளில், பார்த்துவிட்டே எழுதினோம் என்பது நமது பக்கத்து நியாயம். இன்றைய மாணவன் கைபேசியிற் படத்தை நிறுத்தி, திருப்பி, ஒரே காட்சியைப் பத்துமுறை பார்க்கலாம். இருந்தும் அவன் எழுதுவது பெரும்பாலும் நாம் எழுதியதையே ஒத்திருத்தல் சிந்திக்கத்தக்கது. வசதி பெருகியதாற் பார்வை கூர்மையடையவில்லை. என்னிடம் ஆலோசனை கேட்கும் மாணவரிடம், படம் பார்த்த அன்றிரவே ஒரேயொரு காட்சியைத் தெரிந்து, நல்லது, கெட்டது, அருமை, சுமார் என்னும் சொற்கள் எவையுமின்றி ஒரு பக்கம் எழுதுமாறு கூறுவதுண்டு. முதலிற் பலர் அரைப் பக்கத்தில் நின்றுவிடுகின்றனர். கதையில் என்ன நடந்தது என்பது தெரிகின்றது; திரையில் எங்கு யார் நின்றார், ஒளி எப்பக்கமிருந்து வந்தது என்பது நினைவில் இல்லை. மூன்றாம் நான்காம் படத்தில் நிலைமை மாறத் தொடங்குகின்றது.

இதே பயிற்சியை எனது கொப்பியின் அந்தப் பக்கத்துக்கும் செய்துபார்க்க அண்மையில் முயன்றேன். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தும், கிணற்றடியில் ஒரு பெண் வாளியை இறக்கும் காட்சியொன்றே மங்கலாகத் தோன்றிற்று. அது அப்படத்தில் வந்ததா, வேறெந்தப் படத்திலேனும் வந்ததா என்று உறுதியாகக் கூற என்னால் இயலவில்லை.