பான்ஷீஸின் பத்துப்பாட்டு

சூசி அண்ட் தி பான்ஷீஸ் குழுவின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம்: தி சிங்கிள்ஸ்' 1981 டிசம்பரில் வந்தது. பத்துப் பாட்டு, பக்கத்துக்கு ஐந்து. இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'ஜூஜூ'வைக் கேள் என்பார்கள், இல்லாவிட்டால் 'கெலைடோஸ்கோப்'. தனித்தட்டுகளின் தொகுப்பு என்றால் கிறிஸ்மஸ் விற்பனைக்குக் கட்டிய பொட்டலம் என்று ஒரு இளக்காரம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பான்ஷீஸ் யார் என்று கேட்கிற எவருக்கும் நான் முதலில் தருவது இதைத்தான்.

நம்மூரில் 'சிங்கிள்ஸ்' என்ற வழக்கம் கிடையாது. தோட்டத்து வீடுகளில் இருந்தவை நாலு சினிமாப் பாட்டு அடங்கிய ஈ.பி. தட்டுகள். நாலும் ஒரே படத்தைச் சேர்ந்தவை, கதை தெரிந்தவை. இங்கிலாந்தில் தனித்தட்டு என்பது வேறு மாதிரி. ஒரு பாட்டு, மூன்று நிமிடம், பின்னால் எந்தக் கதையும் துணைக்கு வராது. அந்த மூன்று நிமிடத்துக்குள் ஆளைப் பிடித்து உட்கார வைக்கவேண்டும். 'ஜூஜூ'வில் இருட்டு மெல்லக் கவிகிறது. இந்தத் தொகுப்பில் அதற்கு நேரமில்லை. கதவைத் திறந்தால் இருட்டு, அவ்வளவுதான்.

தட்டைத் திருப்புகிற இடம்தான் இதில் விசேஷம். முதல் பக்கத்தின் ஐந்து பாட்டிலும் கித்தார் ஜான் மெக்கே, டிரம்ஸ் கென்னி மோரிஸ். 1979 செப்டம்பரில், இரண்டாவது ஆல்பம் 'ஜாயின் ஹேண்ட்ஸ்' வந்த சூட்டோடு, அபர்டீனில் கச்சேரிக்குச் சில மணி நேரம் இருக்கும்போது இரண்டு பேரும் குழுவை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் முன்கச்சேரி செய்ய வந்திருந்த குழு தி க்யூர். அதன் ராபர்ட் ஸ்மித் மிச்சக் கச்சேரிகளில் தன் குழுவுக்கும் வாசித்து, பான்ஷீஸுக்கும் வாசித்தார். டிரம்ஸுக்கு பட்ஜி வந்தார். பிறகு கித்தாருக்கு ஜான் மெக்ஜியோ. இரண்டாம் பக்கம் முழுக்க இந்தப் புதிய ஆட்கள்தான். ஆகவே 'லவ் இன் எ வாய்ட்' முடிந்து ஊசியைத் தூக்கி மறுபக்கம் வைக்கும்போது ஒரு குழு செத்து இன்னொன்று பிறந்திருக்கிறது. பாடுகிற சூசியும் பேஸ் வாசிக்கிற ஸ்டீவன் செவரினும் மட்டும் அப்படியே.

மெக்கேயின் கித்தார் தகரத்தை அறுக்கிற சத்தம். மெக்ஜியோவினுடையது சரம்சரமாக உதிர்வது. 'ஸ்பெல்பவுண்ட்' தொடக்கத்தைக் கேளுங்கள், விரல்கள் ஓடுவது கேட்கும், எங்கே ஓடுகின்றன என்று பிடிபடாது. ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கட்டுவது டிரம்ஸ். மோரிஸும் சரி, பட்ஜியும் சரி, சிம்பலைக் குறைத்துக்கொண்டு தோல்மேலேயே வாசிக்கிறார்கள். ராக் இசையில் வழக்கமாகக் கேட்கிற அந்த 'ச்ச் ச்ச்' இல்லை. தைப்பூசத்திலும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் உறுமி கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. பட்ஜிக்கு உறுமி தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ராக் என்றாலே இரைச்சல் என்று ஒதுங்குகிற நம்மாட்களிடம் 'ஸ்பெல்பவுண்ட்' போட்டால் கால் தானாகத் தட்டும் என்கிறேன். சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

இனி சங்கடத்துக்கு வருவோம். தொகுப்பு 'ஹாங்காங் கார்டன்' பாட்டில் தொடங்கி 'அரேபியன் நைட்ஸ்' பாட்டில் முடிகிறது. நடுவில் 'இஸ்ரேல்'. லண்டனின் தென்கிழக்குப் புறநகரான சிசில்ஹர்ஸ்டிலிருந்து வரைந்த கீழ்த்திசைப் படம் மாதிரி இருக்கிறது.

1978 ஆகஸ்டில் வந்த 'ஹாங்காங் கார்டன்' இவர்களின் முதல் தட்டு. பிரிட்டிஷ் பட்டியலில் ஏழாம் இடம் வரை போனது. சிசில்ஹர்ஸ்டில் அந்தப் பெயரில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை இருந்தது. மொட்டைத்தலை இனவெறிக் கும்பல் அங்கே போய்க் கடை ஆட்களைச் சீண்டுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுதியது என்று சூசி சொல்லியிருக்கிறார். நோக்கம் நல்ல நோக்கம். கேட்டால் என்ன இருக்கிறது? சைலஃபோனில் பொம்மைக் கடைச் சீன மெட்டு. வரிகளில் சீனர் என்றால் மேற்கத்தியர் நினைத்துக்கொள்ளும் சாமான்களின் பட்டியல். சீண்டியவர்களின் சட்டைப்பையில் இருந்ததையே எடுத்து அவர்களுக்கு எதிராக எறிந்ததுபோல.

கோத்தா திங்கியில் என்னோடு இடைநிலைப்பள்ளியில் படித்த சீன நண்பனுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். அவன் குடும்பமே சாப்பாட்டுக் கடை நடத்துகிற குடும்பம். மெட்டைக் கேட்டுச் சிரித்தான். நல்லா இருக்கு, இன்னொரு தடவை போடு என்றான். கதையைச் சொன்னதும் மலாயில் ஒன்று கேட்டான். தமிழில் சொன்னால் இப்படி: "கடைக்காரனுக்காகப் பாடினாங்கன்னு சொல்ற. பாட்டுல கடைக்காரன் ஒரு வார்த்தைகூடப் பேசலையே?"

இந்தப் பாட்டைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைத் தொடவில்லை. பரிதாபப்படுகிறவர் பேசிக்கொண்டே இருக்கிறார், பரிதாபத்துக்குரியவர் திரைச்சீலையில் வரைந்த படமாகப் பின்னால் நிற்கிறார். அப்படியானால் தூக்கி எறியலாமா? என்னால் முடியவில்லை. அந்த சைலஃபோனும், அதன் மேல் விழும் மெக்கேயின் தகரச் சத்தமும் நாற்பது வருடத்துக்குப் பின்னும் புதிதாக இருக்கின்றன. பாட்டு அழகாக இருப்பதும் அதன் பார்வை கோணலாக இருப்பதும் ஒரே மூன்று நிமிடத்தில்தான் நடக்கின்றன.

நாம் மட்டும் என்ன? கோலாலம்பூரில் நடக்கும் 'கபாலி' (2016) வந்தபோது கொட்டகையில் விசில் அடித்தோம். அதில் வில்லன் டோனி லீ. நம் உழைப்பும் வலியும் ஒருவழியாகத் திரைக்கு வந்துவிட்டன என்ற பூரிப்பு, நியாயமானதுதான். ஆனால் பக்கத்து வீட்டுச் சீனர் அதில் எங்கே? 'ஏழாம் அறிவு' (2011) படத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சீனாவிலிருந்தே நோயோடு ஆள் வருகிறான். 'சீனன் கடை' என்று தினமும் வாய் நிறையச் சொல்கிற நமக்கு சூசியைக் கூண்டில் ஏற்றும் தகுதி கொஞ்சம் குறைவு.

இந்தச் சிக்கல் பான்ஷீஸுக்கு மட்டும் உரியதல்ல. தி க்யூரின் தனித்தட்டுத் தொகுப்பு 'ஸ்டாண்டிங் ஆன் எ பீச்' (1986) 'கில்லிங் ஆன் அராப்' பாட்டில் தொடங்குகிறது. கமுவின் 'அந்நியன்' நாவலை வைத்து எழுதியது. அமெரிக்காவில் அரபு அமெரிக்கர்கள் எதிர்ப்புத் தெரிவித்தபின், இது இனவெறியை ஆதரிக்கும் பாட்டல்ல என்று உறைமேல் ஒட்டி விற்றார்கள். பான்ஷீஸ் தட்டில் ஒட்டுத்தாள் கிடையாது. ஆனால் திருத்தம் உள்ளேயே நடந்திருக்கிறது. 'லவ் இன் எ வாய்ட்' பாட்டின் ஆரம்ப வடிவத்தில் யூதர்களை இழிக்கும் சொற்கள் இருந்தன, தட்டாக வந்தபோது அவை மாற்றப்பட்டிருந்தன. 1976இல் அதிர்ச்சிக்காக ஸ்வஸ்திகாப் பட்டை கட்டிக்கொண்டு திரிந்த அதே சூசி 1980இல் 'இஸ்ரேல்' பாடுகிறார். அது பரிகாரமா என்று வாதிடுகிறார்கள். என் காதுக்கு அது குளிர்காலத்து வழிபாட்டுப் பாட்டு மாதிரி விழுகிறது. முடிவில் சேர்ந்திசைக் குரல்கள் எழும்பும் இடத்தில் வாதமெல்லாம் மறந்துவிடும். இந்தத் தொகுப்பில் ஆகச்சிறந்தது எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

'கிறிஸ்டீன்' பாட்டில் நிலைமை வேறு. பல ஆளுமைகளாகச் சிதறிய கிறிஸ்டீன் சைஸ்மோர் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றியது. இங்கே வேடிக்கை இல்லை. மெட்டு இலேசானது, கிட்டத்தட்டக் குழந்தைப் பாட்டு. ஆனால் அவள் உள்ளே என்ன நடக்கிறது என்று குரல் கூடவே போகிறது. தூரத்து மனிதரைப் பாடுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

அதனால்தான் கடைசிப் பாட்டு என்னை உறுத்துகிறது. 'அரேபியன் நைட்ஸ்' முகத்திரைக்குள் அடைபட்ட பெண்களைப் பற்றிய கோபம். கோபம் உண்மை, சூசியின் குரல் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் தலைப்பு மறுபடியும் கதைப் புத்தகத்திலிருந்து வருகிறது. முக்காடு அணிந்த அக்காமார்களிடம் காலையில் நாசி லெமாக் வாங்கிச் சாப்பிடுகிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்டால், அந்தப் பெண்களுக்கும் பாட்டில் பேச்சில்லை என்பதுதான் முதலில் தெரிகிறது. நண்பனின் கேள்வியே இங்கும் பொருந்துகிறது. மெக்ஜியோவின் கித்தார் மட்டும் எந்த வாதத்திலும் சேராமல் தன்பாட்டில் மின்னிக்கொண்டு போகிறது.

1982 முதல் வந்த பாட்டுகளுக்கு 'ட்வைஸ் அப்பான் எ டைம்' (1992) இருக்கிறது. பளபளப்பு அதிகம், நீளமும் அதிகம். பொம்பெய் நகரம் சாம்பலில் புதைந்ததைப் பாடும் 'சிட்டீஸ் இன் டஸ்ட்' ஒன்றுக்காகவே வாங்கலாம். ஆனால் முதலில் இந்தப் பத்தைக் கேளுங்கள். முடிந்தால் தட்டிலேயே கேளுங்கள், ஐந்தாவது பாட்டு முடிந்ததும் எழுந்துபோய்த் திருப்பி வைக்கவேண்டி வரும்.