செய்தி வெள்ளமும் ஒரு கோப்பைக் காப்பியும்

இஷாத் தொழுகை முடித்துப் படுக்கையில் சாய்ந்த பின்னரும் கைப்பேசியை விட்டு அகலாத கண்கள் நம் இல்லங்களில் பெருகிவிட்டன. 2023 அக்டோபருக்குப் பின் காஸாவிலிருந்து வந்த காட்சிகளைக் கண்டோர் பலர் உறக்கம் இழந்தனர்; சோற்றில் வைத்த கை வாய்க்கு எழவில்லை. காணாது இருந்தாலோ, துன்புறும் உடன்பிறப்புகளைக் கைவிட்டோமோ என்று நெஞ்சம் குத்திற்று. இவ்வாறு இருதலைக் கொள்ளி எறும்பாய்த் தவித்த நாள்களில் நாம் மீண்டும் எடுத்துப் படித்த நூல் ஒன்றைப் பற்றி இங்கே சில சொல்ல விழைகிறோம்.

அது பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வேஷின் உரைநடை நூல். ‘மறதிக்கென ஒரு நினைவு’ என்று அதன் அரபுப் பெயரைத் தமிழாக்கலாம். 1982 ஜூனில் இஸ்ரேல் லெபனான் மீது படையெடுத்தது. மேற்குப் பெய்ரூத் வாரக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. அம்முற்றுகையின் ஆகஸ்டு நாள் ஒன்றே, விடியல் தொட்டு இரவு வரை, இந்நூலாய் விரிகிறது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்த ஆகஸ்டு 6ஆம் நாளோடு ஆசிரியர் அதனைப் பிணைக்கிறார். பின்னாளில் பாரிஸில் இருந்து எழுதப்பட்ட இது, 1986இல் அவரே ஆசிரியராக விளங்கிய ‘அல்கர்மில்’ இதழில் வெளிவந்தது. இப்ராஹீம் முஹாவியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. நாம் படித்தது அம்மொழிபெயர்ப்பையே.

நூலின் தொடக்கமே நம்மைத் திகைக்க வைக்கிறது. வானிலிருந்தும் கடலிலிருந்தும் குண்டுகள் பொழிகின்றன. அவ்வேளையில் கவிஞருக்கு வேண்டியது ஒரு கோப்பைக் காப்பி! சமையலறையோ கடலை நோக்கியிருக்கிறது. அங்கே நிற்பது உயிருக்கு உலை வைப்பதாகும். ஐந்தே நிமிடம் போர் நின்றால் காப்பி வைத்துவிடலாமே என்று ஏங்குகிறார். அதை எப்படிக் காய்ச்சுவது, எப்படிப் பருகுவது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். முதன்முறை படித்தபோது நமக்குச் சினமே மூண்டது. மக்கள் மடியும் வேளையில் காப்பியின் மணத்தைப் பற்றிய பேச்சா?

மறுமுறை படித்தபோதுதான் உண்மை புலனாயிற்று. நாளின் முதற்செயல் எதுவென்று தீர்மானிக்கும் உரிமையை அவர் குண்டு வீசுவோனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஐந்து நிமிடம் தம் மனத்தைத் தம் வசம் வைத்துக்கொள்ளும் முயற்சி. அவ்வாண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் முற்றுகைக்குள் இருந்தோர் காட்டிய ஆர்வத்தையும் அவர் இகழவில்லை; பரிவோடு பேசுகிறார். சாவின் நிழலில் இருப்பவனும் முழுநேரமும் சாவையே நோக்கிக்கொண்டிருக்கக் கடமைப்பட்டவனல்லன் என்பதே இதன் பொருள்.

நூலின் மற்றொரு சிறப்பு, உடனடிக் கவிதை கேட்டோருக்கு அவர் அளிக்கும் மறுப்பு. கவிஞர்கள் ஏன் வாய்மூடிக் கிடக்கின்றனர் என்ற வினா முற்றுகைக்குள்ளேயே எழுகிறது. அந்நாளில் பெய்ரூத்தில் ‘லோட்டஸ்’ இதழை நடத்தி வந்த உருதுக் கவிஞர் ஃபைஸ் அஹ்மத் ஃபைஸும் நூலில் தோன்றி, ஓவியர்கள் எங்கே, நகரத்துச் சுவர்களில் அவர்கள் இப்போரை வரையலாகாதா என்று கேட்கிறார். சுவர்களே சரிந்துகொண்டிருக்கும் நிலையைத் தர்வேஷ் சுட்டிக்காட்டுகிறார். நிகழ்ச்சி முடியுமுன்னே அதற்குச் சொல் கேட்பது முறையன்று என்பது அவர் துணிபு. முற்றுகையைப் பாடிய அவருடைய நெடுங்கவிதை 1983இல்தான் வந்தது. ஒவ்வொரு செய்திக்கும் அந்நொடியே மறுமொழி பகராவிடில் குற்றம் என்று எண்ணும் நமக்கு இது பெரும் பாடமன்றோ?

தர்வேஷ் குண்டுகளின் அடியில் இருந்தவர். தொலைவில் இருந்து செய்தி மட்டும் கேட்போருக்கு என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் வினவலாம். 2013இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த பின், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 4,600க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தனர். வெடிப்பை அடுத்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அச்செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்கள், நிகழ்விடத்தில் இருந்தவர்களைக் காட்டிலும் மிகுந்த மன அழுத்தக் குறிகளைத் தெரிவித்தனர். கண்வழிப் புகும் துயரும் காயமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தர்வேஷின் நூலில் குறைகளும் உள. சிலுவைப் போர்க்கால வரலாற்றாசிரியர்களின் பகுதிகளை இடையிடையே அவர் பெய்து செல்வதால் படிப்பவரின் நூலிழை அறுந்துபோகிறது. அதனினும் பெரிய குறை, தனிமை. மனத்தைக் காக்கக் கவிஞர் கண்ட அரண் ஒரு கோப்பையும் ஒரு பேனாவுமே. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பதன் ஆறுதலுக்கு அங்கு இடமில்லை.

அவ்விடத்தை நிரப்ப நமக்குத் திருமறை உண்டு. தீயோன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கிறது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம். அமைதியைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ செவியில் விழுந்ததை உடனே பரப்பிவிடுவோரைக் கண்டித்து, அதனை ஆய்ந்தறிய வல்லோரிடம் கொண்டு செல்லச் சொல்கிறது அந்நிஸாவின் 83ஆம் வசனம். மக்கள் நம்பிக்கை கொள்ளவில்லையே என்ற துக்கத்தால் தம்மையே மாய்த்துக்கொள்ளும் அளவுக்கு வருந்திய அண்ணல் நபி (ஸல்) அவர்களை அல்கஹ்ஃபின் 6ஆம் வசனம் பரிவோடு விளிக்கிறது. உலகுக்கு அருட்கொடையாய் வந்தவரின் துயருக்கே அளவு சுட்டப்பட்டதெனில், நம் துயருக்கு அளவு வேண்டாமா?

செய்தியை அறவே துறப்பது கல்நெஞ்சம். அதில் மூழ்கிச் சாவது இரக்கமன்று. பிறர் துயரைக் கண்டு நாம் நொறுங்கிப்போவதால் அவர்தம் பசி தீராது. எனவே செய்திக்கென நாளில் ஒரு பொழுதை ஒதுக்குவோம். நம்பத்தக்க ஓர் ஏட்டை நாடுவோம். ஆராயாது எதையும் பிறர்க்கு அனுப்பாதிருப்போம். அறிந்த துயரை துஆவாகவும் தர்மமாகவும் மாற்றுவோம். உறக்கமின்மையும் கலக்கமும் நீடித்தால் மருத்துவரை நாட நாணற்க. சுபுஹுத் தொழுகைக்குப் பின் கைப்பேசியைத் தொடுமுன், வீட்டாரோடு அமர்ந்து ஒரு கோப்பைக் காப்பி பருகுவோம். உடலைப் போன்றே உள்ளமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைச் சிதையாமல் காத்தவனே நெடுநாள் பிறர்க்கு உதவ வல்லவன்.