நான்கு சுழிகளும் ஒரு நிபந்தனையும்

தலைமயிரை எப்படி வாரினாலும் உச்சிச் சுழி மறைவதில்லை. உருண்டை முழுவதும் மயிர் முளைத்திருப்பின், அதைப் படிய வாரும்போது தோன்றும் சுழிகளை, எதிர்ச்சுழிகளைக் கழித்துக் கூட்டினால் இரண்டே வரும். இது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே நிறுவிய முடிபு. ஆதலின், உருண்டைமேல் படிந்த திரவப் படிக ஏட்டில் தோன்றும் ஒழுங்குச் சிதைவைக் 'குறை' என்று கூறுவது முற்றும் பொருந்தாது. அது வளைந்த பரப்பு விதிக்கும் கட்டாயம்.

இக்கட்டாயத்தைக் கருவியாக்க முனைந்தது, அமெரிக்க அறிஞர் டேவிட் நெல்சன் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை. கோல் போன்ற திரவப் படிக மூலக்கூறுகள் பரப்போடு படிந்து கிடப்பவை. அவற்றின் அணிவகுப்பில் தலைக்கும் வாலுக்கும் வேற்றுமையின்மையால் அரைச்சுழியும் அமையும். ஆற்றலோ சுழியின் வலிமையின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே முழுச்சுழி இரண்டைவிட அரைச்சுழி நான்கு சிக்கனமானவை. ஒன்றையொன்று விலக்கும் அந்நான்கும் நான்முகியின் முனைகளில் சென்று நிற்கும். அங்கே இணைப்பு மூலக்கூறுகளைப் பொருத்தினால், நுண்மணிகள் கரியணுவைப்போல் நான்கு இணைதிறன் பெறும் என்றார் நெல்சன். இக்கருத்தின் அழகை மறுப்பார் இலர்.

ஆயினும், அவ்வழகு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. ஏடு மிக மெல்லியது, எங்கும் ஒரே தடிப்புடையது. கோல்வரிசை விரிவதற்கும் வளைவதற்கும் ஆகும் ஆற்றல் சமம். இவ்வாறு கொண்டால்தான் நான்முகி கிட்டும். 2007-இல் பெர்னாண்டஸ் நியேவஸ் குழுவினர் நீர்த்துளியைச் சுற்றித் திரவப் படிக ஓடுகளை அமைத்துச் சோதித்தனர். உள்துளி நடுவில் நிற்கவில்லை. ஓடு ஒருபுறம் மெலிந்து, மறுபுறம் தடித்தது. ஓட்டை ஊடுருவும் சுழிக்கோடு நீள நீள ஆற்றல் மிகுமாதலால், சுழிகள் மெலிந்த பக்கத்தையே நாடின. சில ஓடுகளில் அரைச்சுழி நான்கு. சிலவற்றில் அரை இரண்டும் முழுமை ஒன்றும். வேறு சிலவற்றில் முழுச்சுழி இரண்டே. கூட்டுத்தொகை மட்டும் எங்கும் மாறவில்லை.

ஆகவே, நெல்சன் உரையில் இரண்டு கூற்றுகளைப் பிரித்தறிதல் வேண்டும். தொகை இரண்டு என்பது விதி. நான்முகி என்பது நிபந்தனைக்குட்பட்ட விளைவு. பரப்பின் வடிவம் தொகையை விதிக்கும். சுழிகள் எத்தனை, எங்கே என்பவற்றை ஏட்டின் தடிப்பும் பொருளின் இயல்பும் உடன்சேர்ந்தே முடிவு செய்யும். இவ்விரண்டையும் ஒரே உறுதியுடன் மாணவர்க்கு உரைப்பது, அழகிய கருதுகோளைக் கண்டறிந்த உண்மையாக்கிவிடும். அது நெல்சனுக்கும் நீதியன்று, அறிவியலுக்கும் நன்றன்று.