‘டக்’ என்றொரு ஓசை

அமெரிக்க மோட்டார்ஹோம்களில் எனக்குப் பிடித்த பொருள் மெத்தையோ அடுப்போ இல்லை. கட்டிலுக்கடியில் கிடக்கும் டிரான்ஸ்ஃபர் ரிலே. முகாமில் வெளி மின்சாரத்தைச் செருகினால், அந்தக் கரண்டே ரிலேயின் சுருளைக் காந்தமாக்கித் தொடுமுனைகளை இழுத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கினால் ஸ்பிரிங் அவற்றைப் பழைய இடத்துக்கே தள்ளும். வண்டி பேட்டரியில் ஓடும் இன்வெர்ட்டருக்கு மாறிவிடும். தொடுமுனை ஒரு மின்சாரத்தை விட்ட பிறகுதான் மற்றதைத் தொடும். பேச்சு விட்டுப்போன சம்பந்திகள் மாதிரி இரண்டும் நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை. இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘டக்’.

இன்வெர்ட்டரையும் ரிலேயையும் பொருத்துவதில்தான் கைத்திறன் தெரியும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 2000 வாட் எடுத்தால் 160 ஆம்பியருக்கு மேல் பாயும். அதனால் கேபிள் நல்ல தடிமனாக, முடிந்தவரை குட்டையாக இருக்க வேண்டும்; பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். இதில் கஞ்சத்தனம் பார்த்தவர், காப்பி மெஷினைப் போட்டதும் இன்வெர்ட்டர் அலறுவதைக் கேட்பார். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையுமே ரிலே மாற்ற வேண்டும். இன்னொன்று: பேட்டரி சார்ஜரை மட்டும் இன்வெர்ட்டர் பக்கம் கொடுத்துவிடாதீர்கள். பேட்டரி தன்னைத்தானே தின்னத் தொடங்கிவிடும்.