படுகளம் சொல்லும் பாடம்

கண்டாச்சிபுரம் வட்டாரம் கூத்து வாழும் மண். திரௌபதி அம்மன் கோயில் விழாவின் இறுதி நாளில், காலை வெயிலில் மண்ணால் வனைந்த துரியோதனன் மலைபோல் மல்லாந்து கிடக்கிறான். வீமன் வேடம் பூண்டவர் அவன் தொடையைப் பிளக்கிறார். பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிக்கிறாள். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. தீமை ஒழிந்ததென்ற நிறைவோடு மக்கள் வீடு திரும்புகின்றனர்.

மண்ணுருவம் அடுத்த மழையில் கரைந்துவிடும். மனத்திலே பதிந்த உருவம் கரைகிறதா? இதுவே எம் கேள்வி.

பள்ளியொன்றில் ஆசிரியப் பணி புரியும் யாம் கண்டதைக் கூறுகிறோம். கரிய நிறமும் பருத்த உடலும் வாய்ந்த மாணவன் ஒருவனை ஏனையோர் 'அரக்கன்' என்றே அழைத்து வந்தனர். ஒருநாள் வகுப்பில் எழுதுகோல் ஒன்று காணாமற் போயிற்று. அத்தனை விரல்களும் அவன் பக்கமே நீண்டன. வெட்கத்தோடு ஒப்புகிறோம்: எம் கண்ணும் முதலில் அவன்மீதே சென்றது. எழுதுகோலோ வேறொருவன் பைக்குள் இருந்தது! அந்தச் சிறுவனைக் குற்றவாளியாக்கியது எது? அவன் செயலா? அன்று, அவன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வார்த்து வைக்கப்பட்ட அச்சு!

நல்லவனுக்கு ஓர் அச்சு, தீயவனுக்கு ஓர் அச்சு, கற்புடையாளுக்கு ஓர் அச்சு. காவியம் வார்த்ததைக் கூத்து வளர்த்தது. கூத்து வளர்த்ததைத் திரைப்படம் ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. நடிகர் எம். என். நம்பியார் மதுவையும் புலாலையும் விலக்கி வாழ்ந்தவர். ஆண்டுதோறும் சபரிமலை சென்றவர். ஆயினும் திரையில் அவர் முகம் கண்டதும் தாய்மார்கள் வசைமாரி பொழிந்தனர். அவரோடு வாட்போர் புரிந்த எம். ஜி. ஆரையோ மக்கள் தம் காவலராகவே கொண்டனர். 1967 சனவரியில் அவர் சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் அவர் தோன்றிய படம் சுவர்தோறும் ஒட்டப்பட்டது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார். திரையில் காயமுற்றும் வீழாத வீரனைக் கண்டு பழகிய கண்கள், அந்தச் சுவரொட்டியிலும் அவனையே கண்டன. தலைவர்களை எடைபோடும் துலாக்கோலும் இந்த அச்சுதான் என்றால், அதன் ஆற்றலை எளிதாக எண்ணலாமா?

இந்த ஆற்றலை உணர்ந்தே புலவர் குழந்தை 1946-இல் இராவண காவியம் தந்தார். அரக்கன் என்று இகழப்பட்டவனைத் தமிழ் மன்னனாக, மாண்புடையோனாக நிறுத்தினார். 1948-இல் அந்நூலுக்கு அரசு தடை விதித்தது; 1971-இல்தான் தடை நீங்கியது. அச்சு உடைந்தால் என்ன நேரும் என்ற அச்சமன்றோ அந்தத் தடை!

அந்தக் காவியத்தைப் போற்றும் நாமே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரக்கனைத் தேவனாக்கித் தேவனை அரக்கனாக்கினால், அச்சு தலைகீழாகும், அழிந்துவிடாது. நம்மவர் என்றால் நல்லவர், மாற்றார் என்றால் தீயவர் என நாமும் தீர்ப்பளிக்கத் தொடங்கினால், நாம் பெற்ற பகுத்தறிவு எங்கே போயிற்று?

வழி எது? அதே கூத்து மேடையில் இருக்கிறது. 'கர்ண மோட்சம்' நடைபெறும் இரவை நினைத்துப் பாருங்கள். கர்ணன் துரியோதனன் பக்கம் நிற்பவன், பாண்டவருக்குப் பகைவன். ஆயினும் அவனுக்காக ஊரே கண்ணீர் வடிக்கிறது. ஏன்? போருக்குப் புறப்படுமுன் மனைவி பொன்னுருவியோடு அவன் வாதிடுவதை மக்கள் கேட்கின்றனர். குலம் தெரியாதவன் என்ற இழிசொல் அவன் நெஞ்சைச் சுடுவதைக் காண்கின்றனர். அங்கே அச்சு விலகுகிறது, ஆள் தெரிகிறான். மறுநாள் துரியோதனனைக் கண்டு ஆர்ப்பரிக்கும் அதே மக்கள்தாம் இவர்கள்! ஆகவே குறை மக்களிடம் இல்லை. அவர்களுக்கு எதைக் காட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

எழுத்தாளத் தோழர்களே! இன்னொரு வீரனையோ இன்னொரு அரக்கனையோ நாம் கேட்கவில்லை. மனிதனைக் காட்டுங்கள், அவன் குறையையும் நிறையையும் காரணத்தையும் காட்டுங்கள். அப்போதுதான் வகுப்பின் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அந்தச் சிறுவனை, அவன் பெயர் சொல்லி அழைக்க இவ்வுலகம் கற்றுக்கொள்ளும்.